கரையில் உறுமும், கடலில் திணறும் மோட்டார்

(ஒரு மொத்த வியாபாரி, கலவை)



கலவைக்கும் படகு மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிந்த ஆண்டுகளிலும் அதில் மோட்டார் படகு ஓடி நான் கண்டதில்லை. ஆற்காடு, வாலாஜா, இராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் பேச்செல்லாம் நெல்லும் வேர்க்கடலையும் தோலும்தான். ஆனால் நம் மளிகைக் கடைகளின் ஒரு மூலையில் கூடை போட்டு விற்கிறோமே நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி, அவை கடற்கரையிலிருந்துதான் வருகின்றன. கருவாட்டு மொத்தக் கொள்முதலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக இந்த ஏற்பாடு. 2017க்கு முன் 45 நாட்களாக இருந்தது. அந்த இரண்டு மாதமும் கரையோரம் போய் வரும் சிறு படகுகள் கொண்டு வந்தால்தான் மீன், அது காய்ந்தால்தான் கருவாடு. அந்தச் சிறு படகின் பின்னால் தொங்கும் மோட்டார் மக்கர் செய்தால் நம் கடைக் கூடையும் காலியாகும்.

இன்னொன்றும் உண்டு. கடற்கரைக்காரருக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு எடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். முன்பணம் கொடுப்பவர் ஆளைப் பார்ப்பார், வலையைப் பார்ப்பார், படகைத் தட்டிப் பார்ப்பார். மோட்டாரைக் கரையில் வைத்து ஒரு தடவை இழுத்து, அது உறுமினால் "நல்லாயிருக்கு" என்று திருப்திப்பட்டுக்கொள்வார். அந்த உறுமலை நம்பித்தான் பல பேருடைய பணம் மாட்டிக்கொள்கிறது.

படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் திருகி மாட்டுகிற மோட்டாருக்கு அவுட்போர்டு என்று பெயர். என்ஜின் மேலே, தண்டு நடுவில், தண்ணீரைத் தள்ளும் புரொப்பல்லர் அடியில். வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டு போய்விடலாம். அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் 1909இல் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். நம் மாநிலத்தில் குமரி மாவட்டத்துப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் அதிகம். சென்னை, செங்கல்பட்டு, கடலூர்க் கரைகளில் ஃபைபர் படகுகளில் நீண்ட வால் போலத் தண்டு நீட்டிய டீசல் என்ஜின்களைத்தான் அதிகம் பார்க்கலாம். ஆனாலும் இந்தப் பக்கத்திலும் பெட்ரோல் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் உண்டு.

கரையில் நன்றாக ஓடுகிற மோட்டார் தண்ணீரில் போட்டவுடன் ஏன் திணறுகிறது? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை ஒரு மிதி மிதித்துப் பாருங்கள், பின்சக்கரம் பறக்கும். அதே சைக்கிளில் ஐம்பது கிலோ மூட்டையைக் கட்டி மேட்டில் ஏற்றும்போதுதான் செயின் நழுவுவதும் டயரில் காற்று இல்லாததும் தெரியும். மோட்டாரும் அப்படித்தான். கரையில் புரொப்பல்லருக்குச் சுமை கிடையாது. சும்மா சுற்றுவதற்கு என்ஜினுக்குச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் போதும். தண்ணீரில் இறங்கி முழு வேகம் கொடுத்தால் அதற்குப் பல மடங்கு எண்ணெய் வேண்டும், காற்று வேண்டும், வலுவான தீப்பொறி வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில் புகையும் தண்ணீருக்கு அடியில்தான் வெளியேறுகிறது, அந்தத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டுதான் புகை போக வேண்டும். ஆகவே எங்கே சிறு குறை இருந்தாலும் சுமை ஏறும்போது வெளிப்பட்டுவிடும்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் மோட்டாரை இறக்கி ஓட்டிப் பார்ப்பதும் முழுச் சோதனை ஆகாது. சின்ன டிரம்மில் தண்ணீர் நுரைத்துக் காற்றோடு கலந்துவிடும், புரொப்பல்லருக்குப் பிடிமானம் இருக்காது. அதோடு மோட்டார் தான் விட்ட புகையைத் தானே மூச்சில் இழுத்து, நல்ல மோட்டார்கூடத் திணறும். டிரம்மில் திணறியதைப் பார்த்துவிட்டுப் பழுது என்று பிரித்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

செய்யூர்ப் பக்கத்தில் நான் சரக்கு எடுக்கும் குப்பம் ஒன்று. அங்கே எனக்கு வாடிக்கையான ஒரு படகுக்காரர், நாணயமான மனிதர். சில ஆண்டுகளுக்கு முன், விசைப்படகுத் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும், அவரிடமிருந்து சரக்கு வரத்து பாதியாகக் குறைந்தது. மோட்டார் மக்கர் என்றார். ஒரு மெக்கானிக்கிடம் இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்பும் புதிது போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் கரையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டிக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார் மெக்கானிக். கடலுக்குப் போனால் மறுபடியும் அதே கதை. ஒருநாள் அலை உடைகிற இடத்தில் மோட்டார் நின்று, படகு பக்கவாட்டில் திரும்பி, வலையும் ஐஸ் பெட்டியும் போயின. இரண்டு பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, என்னிடமும் மேற்கொண்டு நாற்பதாயிரம் வாங்கி, வேறு பழைய மோட்டார் ஒன்று வாங்கத் தயாராக இருந்தார்.

அந்த முறை லாரியில் என்னோடு என் தங்கை மகனும் வந்திருந்தான். கலவையில் பம்ப்செட்டும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் ரிப்பேர் பார்ப்பவன். கடல் மோட்டாரை அதற்கு முன் அவன் தொட்டதில்லை. மோட்டாரைப் பிரிக்கவும் இல்லை. மணலில் உட்கார்ந்துகொண்டு கேள்வி மட்டும் கேட்டான்.

"எவ்ளோ நேரம் ஓடுதுங்க?"

"பத்து, பதினஞ்சு நிமிசம் நல்லா ஓடும் தம்பி. அப்புறம் இழுவை கொறஞ்சி நின்னுடும்."

"நின்ன பிறகு என்ன செய்வீங்க?"

"டேங்க் மூடியத் தொறந்து எண்ணெய் இருக்குதான்னு பாப்பேன். இருக்கும். மூடிட்டுக் கயித்த இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும். மறுபடி பத்து நிமிசம்."

என் பக்கம் திரும்பினான். "மாமா, எண்ணெய் இருக்குதான்னு பாக்குற வேலைதான் மோட்டார ஓட்டுது" என்றான்.

விஷயம் இதுதான். அந்த வகைப் பெட்ரோல் டேங்கின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு திருகு இருக்கும். மோட்டார் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். நல்லெண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் விட்டு விட்டு வரும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் தாரையாகக் கொட்டும் என்று நமக்குத் தெரியாதா? இவருடைய டேங்கின் மூடி எப்போதோ கடலில் விழுந்துவிட, ஆயில் கேன் ஒன்றின் மூடி பொருந்துகிறதே என்று அதைப் போட்டு வைத்திருந்தார். அதில் காற்றுத் துவாரம் கிடையாது. டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் வருவது நின்றுவிடும். திறந்து பார்க்கும்போது காற்று உள்ளே போகும், மோட்டார் மறுபடி கிளம்பும். கரையில் சும்மா ஓடும்போது பெட்ரோல் செலவு மிகக் குறைவு, ஐந்து நிமிடத்தில் இந்தக் குறை வெளிப்படவே வெளிப்படாது.

சரியான மூடி சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. சங்கிலி அடகுக்குப் போகவில்லை. என் நாற்பதாயிரமும் என்னிடமே இருந்தது.

எல்லா மோட்டாருக்கும் மூடிதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் தேடுகிற வரிசை முக்கியம். டேங்கிலிருந்து தொடங்கி மோட்டாரை நோக்கிப் போக வேண்டும். செலவில்லாத சோதனைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. நம் ஆட்கள் நேரே கார்புரேட்டரைத்தான் பிரிப்பார்கள், அதில் கூலி உண்டு அல்லவா!

டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பந்து ஒன்று இருக்கும். மோட்டார் சோர்ந்து போகும் அந்த நிமிடத்தில் அந்தப் பந்தைப் பார்க்க வேண்டும். அது சப்பிப் போயிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு: மூடித் துவாரம், அல்லது டேங்கின் அடியில் உள்ள வலை. பந்து சப்பாமல் தொளதொளவென்று இருந்து, கையால் அமுக்க அமுக்க மோட்டார் உயிர் பெற்று ஓடினால், குழாய் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, அல்லது மோட்டாரில் உள்ள பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்திருக்கிறது. பந்து கெட்டியாகவே இருந்தும் திணறினால் கார்புரேட்டரையும் தீப்பொறியையும் சந்தேகிக்கலாம். ஓடும்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பார்த்து, அதனால் இழுவை கூடினால் கார்புரேட்டரின் பெரிய ஜெட்டில் அழுக்கு என்று பொருள். மெதுவாக ஓடும்போது சிறிய ஜெட் வேலை செய்கிறது, முழு வேகத்தில்தான் பெரிய ஜெட்டுக்கு வேலை. கரையில் நன்றாக ஓடிக் கடலில் கெடுவதற்கு இதுவும் பெரிய காரணம்.

அடுத்து பெட்ரோலில் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் எல்லோர் வண்டிக்கும் இது பொருந்தும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. சிறிதளவு தண்ணீர் என்றால் கலந்தே எரிந்து போகும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்று சேர்ந்து, பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தானே! இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாராக இருந்தால் இன்னும் மோசம். நாம் கலந்த ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும், அடியிலிருந்து போகும் தண்ணீர்க் கலவையில் வழவழப்பு இருக்காது, பிஸ்டன் தேயும். சோதிப்பது சுலபம். டேங்கின் அடிப்பகுதியிலிருந்து சிறிது பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, நெருப்பு இல்லாத இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மோட்டாருக்கு ஊற்றக்கூடாது. கடல்காற்றுப் படும் இடத்தில் பாதி டேங்க் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருப்பதே தவறு.

இங்கே ஒரு வார்த்தை. நம் கிராமத்துக் கடைகள் சிலவற்றில் தண்ணீர்ப் பாட்டிலில் பெட்ரோல் அடைத்து விற்கிறார்கள். கழுவிய ஈரத்தோடு அடைத்த பாட்டிலும் உண்டு. உரிமம் இல்லாமல் விற்பனைக்குப் பெட்ரோல் வைப்பது சட்டவிரோதம், பக்கத்தில் சூடமும் தீப்பெட்டியும் அடுக்கிய கடையில் அது வெடிமருந்துக்குச் சமம். பத்து ரூபாய் லாபத்துக்காக இதைச் செய்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. சங்கக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.

மண்ணெண்ணெய் மோட்டாருக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

தீப்பொறி விஷயம் சுருக்கமாக. இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று செத்துப் போனாலும் கரையில் ஓடும், தண்ணீரில் இழுவை இருக்காது. ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று காய்ந்து பழுப்பாகவும் மற்றது கறுத்து நனைந்தும் இருந்தால் நனைந்தது வேலை செய்யவில்லை.

என்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் பழுது புரொப்பல்லரில். அதன் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. கல்லில் அடிபட்டால் கியர் உடையாமல் இருக்க அந்த ஏற்பாடு. அது தேய்ந்து வழுக்கினால் கையால் சுற்றும்போது சரியாக இருக்கும், சுமை ஏறினால் உள்ளே மட்டும் சுற்றும். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. புரொப்பல்லரின் பின்னால் நைலான் நரம்பு சுற்றி ஆயில் சீலை அறுப்பதும் அடிக்கடி நடப்பது. கியர் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

மோட்டாரை மாட்டிய உயரத்தையும் பார்க்க வேண்டும். அவுட்போர்டுகளில் 15 அங்குலத் தண்டு, 20 அங்குலத் தண்டு என்று இரண்டு அளவு அதிகம் புழக்கத்தில் உண்டு. உயரமான பின்பலகையில் குட்டைத் தண்டு மாட்டினால் புரொப்பல்லர் காற்றை இழுத்துக் கத்தும். அதற்கு மேலே படுக்கைவாட்டில் உள்ள தகடு, படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். பழைய மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது என்று தண்டை அளக்காமல் வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கடைசியாகக் குளிர்ச்சி. பெரும்பாலான அவுட்போர்டுகள் கடல்நீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. பக்கத்தில் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். புதிய மோட்டார்கள் சில சூடு ஏறினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதைப் பெட்ரோல் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் கரையில் ஓட்டிக் காட்டினால், உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் சீக்கிரமே கருகும். சோதனை என்ற பெயரில் பழுதை உண்டாக்குவது இது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டு போய்த் தெருத்தெருவாக மக்களை மீட்டார்கள். 2021 நவம்பரில் நம் பாலாறே கரைபுரண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளநீர் கடல்நீர் போல் அல்ல. அதில் பிளாஸ்டிக் பைகளும் துணிகளும் மிதந்து வரும், மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒட்டிக்கொள்ளும், புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். அப்போது பீச்சும் தண்ணீரைக் கவனிக்க ஒரு ஆள் பின்னால் உட்கார வேண்டும்.

கடை ஜெனரேட்டர்

இதுவரை சொன்னதில் நம் கடைக்கு நேராகப் பயன்படுவது ஜெனரேட்டர் விஷயம். 2012 வாக்கில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்தோமே, அப்போது வாங்கிய சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் பல கடைகளில் இன்றும் மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது. மின்வெட்டு குறைந்த பிறகு புயல் மழைக்கு மட்டும்தான் அதை எடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை கயிறு இழுத்து, இரண்டு பல்பு எரிந்தால் சரி என்று மூடி வைத்துவிடுகிறோம். அது கரையில் உறுமிய மோட்டார்தான். பால், தயிர், ஐஸ்கிரீம் வைத்த ஃப்ரீசரை மாட்டினால்தான் உண்மை தெரியும். ஃப்ரீசரின் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பிசின் கட்டிய ஜெட், தண்ணீர் இறங்கிய பெட்ரோல், அடைத்துப் போன மூடித் துவாரம் எல்லாம் அந்தக் கணத்தில் காட்டிக் கொடுக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை, ஃப்ரீசரை மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கடைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே ஓட்டினால் அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, வாசனை தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். பாதி நேரத்தில் நின்றால் முதலில் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள், "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம், மூடியின் துவாரத்தை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் போதும். ஓட்டி முடிந்ததும் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காது.